குக்கர் ரப்பரும் ஒன்பதாம் நொடியும்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் வருடத்துக்கு இரண்டு முறை படுத்துக்கொள்ளும். அதை எழுப்ப வரும் மெக்கானிக், கை ஓடுவதை விட வாய் அதிகம் ஓடுகிற மனிதர். போன முறை வந்தபோது ஃபிரிட்ஜின் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு, மனிதகுலம் இன்னும் சனி கிரகத்துக்குப் போகாமல் இருப்பதற்குத் தன் வீட்டுக் குக்கர்தான் காரணம் என்றார். நான் நம்பவில்லை. பிறகு அவர் மனைவியிடம் கேட்டேன். அந்த அம்மாள் தினம் அறுபது பேருக்குச் சமைக்கிறவர், கதை கட்டுவதற்கெல்லாம் அவருக்கு நேரம் கிடையாது. அவரும் ஆமாம் என்றதால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஊர் முடிகிற இடத்தில் பெரிய மதிலுக்குள் ஒரு நிறுவனம் இருக்கிறது. விண்வெளி அணுக்கரு இணைவு உந்துவிசைத் தலைமையகம் என்று பெயர். பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிப்பவருக்குத்தான் உள்ளே வேலை என்று வெளியே கேலி செய்வார்கள். எடுத்துக்கொண்ட காரியம் என்னவோ பெரியதுதான். சூரியனுக்குள் நடப்பதை ஓர் உருளைக்குள் நடத்திக் காட்ட வேண்டும். ஹைட்ரஜன் அணுக்களின் கருக்களை நெருக்கி ஒன்றோடு ஒன்று சேர்த்தால் அசுரத்தனமான சூடு பிறக்கும். அந்தச் சூட்டில் தகிக்கும் வாயுவைக் காந்தங்களால் கட்டிப் பிடித்து, பின்பக்கமாகச் சீறவிட்டால் விண்கப்பல் முன்னால் பாயும். கப்பலுக்கு வேண்டிய மின்சாரமும் அதிலேயே கிடைக்கும். ஏழெட்டு வருடம் பிடிக்கிற சனி கிரகப் பயணத்தை எட்டே மாதத்தில் முடித்துவிடலாம் என்பது அவர்கள் போட்ட திட்டம்.

வாசலுக்கு மேலே ஒரு பலகை உண்டு. "இணைவு எஞ்சின் தயாராக இன்னும் 20 ஆண்டுகள்" என்று எழுதியிருக்கும். பலகைக்கு இப்போது வயது நாற்பது. ஒவ்வொரு நிறுவன நாளுக்கும் அதற்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பார்கள். ஒருமுறை பெயின்டர், ஒரு வருடம்தான் போய்விட்டதே, பத்தொன்பது என்று மாற்றட்டுமா என்று அப்பாவித்தனமாகக் கேட்டிருக்கிறார். கொள்கை முடிவுகளில் பெயின்டர்கள் தலையிடக்கூடாது என்று மறுநாளே சுற்றறிக்கை வந்தது.

நிறுவன நாளின் பெரிய சடங்கு எஞ்சினைப் பற்றவைப்பது. வருடத்துக்கு ஒரு தடவை, விருந்தினர்கள் முன்னிலையில், பொத்தான் அழுத்துநர் என்ற நிரந்தரப் பதவியில் இருப்பவர் பொத்தானை அழுத்துவார். எஞ்சின் நீல ஒளியோடு பற்றிக்கொள்ளும். ஒன்பதாம் நொடியில் அணைந்துவிடும். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுவார்கள். நாற்பது வருடமாக அது எட்டு நொடியில் நின்றதில்லை, பத்து நொடி ஓடியதுமில்லை. ஏன் ஒன்பதில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு தனித்துறையே இருக்கிறது. ஒன்பதாம் நொடித் துறை. அதில் அறுபத்து நான்கு பேர். அவர்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரைகள் நானூற்றுப் பன்னிரண்டு. துறைத் தலைவரை எல்லோரும் 'ஒன்பது சார்' என்றே கூப்பிடுவார்கள். அவருக்கு அதில் பெருமை.

இனி மெக்கானிக்கின் காலைப் பொழுதுக்கு வருவோம். அவர் மனைவி வீட்டிலேயே சமைத்து வெளியே அனுப்பும் தொழில் செய்கிறார். செவிலியர் விடுதி ஒன்றுக்கு ஒரு வருடத்துக்குச் சாப்பாடு கொடுக்கும் வாய்ப்பு அவரைத் தேடி வந்திருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை. அன்றைக்கு இரவு ஏழு மணிக்கு அறுபது பேருக்கான சாப்பாடு சுடச்சுடப் போய்ச் சேர வேண்டும். பிடித்தால் ஒப்பந்தம், தாமதித்தால் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த அம்மாள் மூன்று மாதமாக அந்த விடுதிக்கு நடையாய் நடந்தவர். பார்த்து, அன்று காலையில்தானா அவருடைய பெரிய குக்கரின் ரப்பர் வளையம் இரண்டாகக் கிழிய வேண்டும்?

"போற வழியில வாங்கி வச்சுக்கங்க. மூணு மணிக்கு முன்னாடி கையில வந்துடணும். அதுக்கு மேல ஒரு நிமிஷம் போனாலும் என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்று சொல்லி அனுப்பினார்.

நிறுவனத்துக்கு எதிரே பஸ் நிறுத்தத்தில் ஒரு பாத்திரக் கடை. அந்தப் பெரிய அளவில் கடைக்காரரிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அடுத்த சரக்கு வர ஒரு வாரம் ஆகும் என்றார். மெக்கானிக் அதை வாங்கிக் கருவிப் பெட்டியில் போட்டுக்கொண்டு நிறுவனத்தின் வாசலுக்குப் போனார். விழாக் கூடத்தில் ஏ.சி. சரியாகக் குளிரவில்லை, இயக்குநர் உரையாற்றும்போது வியர்க்கிறது, அதைச் சரிசெய்ய வேண்டும் என்பதுதான் அவருக்கு வந்த அழைப்பு.

வாசலில் வாயில் அதிகாரி. இருபத்திரண்டு வருடமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளையும் பேரேட்டில் எழுதி, அதே பொருள் அதே நாள் ஐந்து மணிக்குள் வெளியே போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. மெக்கானிக்கின் பெட்டியைக் கவிழ்த்துக் கொட்டி எழுதினார். ஸ்பேனர் ஒன்பது, ஸ்குரூ டிரைவர் ஆறு, சோப்புக் கட்டி பாதி. எந்தப் பாதி என்று கேட்டார். மெக்கானிக் யோசித்து, மிச்சமிருக்கிற பாதி என்றார். அதையும் எழுதிக்கொண்டார். கடைசியாக, குக்கர் ரப்பர் வளையம், பெரியது, ஒன்று. செல்போனை வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார்.

வெளியாள் தன் துணைக் காவலரை விட்டு இரண்டு மீட்டருக்கு மேல் விலகக்கூடாது என்பது உள்ளே விதி. பிற்பாடு வாக்குவாதம் வராமலிருக்க, அளவு நாடாவின் ஒரு முனையை மெக்கானிக்கின் பெல்ட்டில் மாட்டினார்கள். மறுமுனையைக் காவலர் பிடித்துக்கொண்டார். அந்தக் கோலத்தில் இருவரும் விழாக் கூடத்துக்குப் போனார்கள்.

ஏ.சி.யில் கோளாறு இல்லை. அதற்கு வரவேண்டிய குளிர்ந்த தண்ணீர்தான் சரியாக வரவில்லை. மெக்கானிக் குழாயைப் பிடித்துக்கொண்டே நடந்தார். குழாய் இரண்டு தாழ்வாரங்களைக் கடந்து, மாடிப்படிக்கு அடியில் குனிந்து, எஞ்சின் கூடத்தின் பின்பக்கம் ஒரு சின்ன அறைக்குள் நுழைந்தது. கதவில் ஒட்டடை. உள்ளே ஒரே ஒரு பம்ப். அதிலிருந்து ஒரு குழாய் விழாக் கூடத்துக்கும், இன்னொரு தடித்த குழாய் எஞ்சினின் காந்தங்களைக் குளிர்விக்கும் இயந்திரத்துக்கும் போயின. இந்த அறையை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று காவலரிடம் கேட்டார். பராமரிப்புத் துறை இது விஞ்ஞானம் என்கிறது, விஞ்ஞானிகள் இது பராமரிப்பு என்கிறார்கள், அதனால் யாரும் வருவதில்லை என்றார் காவலர்.

மெக்கானிக் சோப்பைத் தண்ணீரில் கரைத்துப் பம்பின் மூடியைச் சுற்றித் தடவினார். பம்ப் மெதுவாக ஓடும்போது நுரை சும்மா இருந்தது. வேகத்தைக் கூட்டியதும் நுரையெல்லாம் மூடியின் இடுக்கு வழியாக உள்ளே போயிற்று. காற்றை இழுக்கிறது என்று புரிந்துவிட்டது. முழு வேகம் வர எத்தனை நேரம் என்று விரல் விட்டு எண்ணினார். ஒன்பது நொடி. அவருக்கு அதில் ஒன்றும் விசேஷமாகத் தெரியவில்லை. மூடியைத் திறந்தால் உள்ளே இருந்த ரப்பர் வளையம் பிஸ்கட் மாதிரி பொடிந்து கையில் வந்தது.

அளவு பார்த்தார். பெட்டியில் இருந்த குக்கர் வளையம் அச்சாகப் பொருந்தும்போல் இருந்தது. சோதனைக்காகப் போட்டுப் பார்ப்போம், ஸ்டோரிலிருந்து இவர்கள் வளையம் வந்ததும் நம்முடையதை எடுத்துக்கொள்வோம் என்று நினைத்துப் பொருத்தினார். மனிதர் செய்த தப்பு அது ஒன்றுதான். பம்ப் பூனை போலச் சத்தமில்லாமல் ஓடியது. விழாக் கூடம் ஐந்தே நிமிடத்தில் குளிர்ந்தது.

ஸ்டோருக்குப் போனால், பம்ப் எந்தத் துறைக்குச் சொந்தமோ அந்தத் துறைத் தலைவர் கையெழுத்து வேண்டும் என்றார்கள். எந்தத் துறைக்கும் சொந்தமில்லையே என்றார் மெக்கானிக். அப்படியானால் எந்தத் துறைக்கும் சொந்தமில்லாத தலைவரிடம் வாங்கி வரச் சொன்னார்கள். இதற்குள் பன்னிரண்டே கால் சங்கு ஊதி, பாதுகாப்புக்காக எல்லாக் கதவுகளும் மூடப்பட்டன. நாடாவும் காவலருமாக மெக்கானிக் விழாக் கூடத்தின் கடைசி வரிசைச் சுவரோரம் மாட்டிக்கொண்டார்.

இயக்குநர் பேச எழுந்தார். கூடம் குளிர்ந்திருந்ததால் அன்று கூடுதலாகவே பேசினார்.

"நாற்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்த மேடையில் நின்று முதல் இயக்குநர், இன்னும் இருபது ஆண்டுகள் என்றார். இருபது ஆண்டுகளுக்கு முன்பு அடுத்தவர் வந்தார். அவரும் இன்னும் இருபது ஆண்டுகள் என்றார். இன்று நான் நிற்கிறேன். நானும் அதையேதான் சொல்கிறேன். ஆட்சிகள் மாறின, விலைவாசி மாறியது, நாம் சொன்ன சொல் மட்டும் மாறவில்லை. இப்படி ஒரு நிறுவனத்தை எங்கேயாவது காட்ட முடியுமா?"

காட்ட முடியாது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து ஒன்பது சார். எஞ்சின் நிற்பதைத் தோல்வி என்று சிலர் பேசுவதாகக் கேள்விப்படுவதாகவும், உலகத்தில் வேறு எந்த எஞ்சினும் இவ்வளவு துல்லியமாக நின்றதில்லை என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். ஓடுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம், நிற்பதில்தான் விஞ்ஞானம் இருக்கிறது என்று முடித்தபோது அவருடைய அறுபத்து நான்கு பேரும் கண்கலங்கினார்கள்.

பன்னிரண்டரைக்குப் பொத்தான் அழுத்துநர் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். கண்ணாடிக்கு அப்பால் நீல ஒளி எழுந்தது. கூட்டம் ஒன்று, இரண்டு என்று எண்ணியது. எட்டில் எல்லோரும் எழுந்து நின்று கைகளைத் தட்டுவதற்குத் தயாராக விரித்தார்கள். ஒன்பது என்றார்கள். ஒளி அணையவில்லை.

யாரோ மெல்லிய குரலில், "பத்து" என்றார். அந்த எண்ணை அந்தக் கூடத்தில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை.

எஞ்சின் நின்ற பிறகு கைதட்ட வேண்டும் என்பது மரபு. நிற்காததால் தட்டவும் முடியவில்லை. விரித்த கைகளோடு உட்காரவும் கூச்சம். கால் மணி நேரம் முந்நூறு பேர் அப்படியே நின்றார்கள். பொத்தான் அழுத்துநர் இயக்கக் கையேட்டைப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில், "ஒன்பதாம் நொடி: எஞ்சின் தானாக நிற்கும். கைதட்டல். சிற்றுண்டி" என்று இருந்தது. அதற்குப் பிறகு அட்டைதான். அணைக்கும் பொத்தான் எங்கே என்று இயக்குநர் கேட்டார். தேவைப்படாததால் வைக்கவில்லை என்று பதில் வந்தது.

அதற்குள் மின்சாரம் பொங்கி வழிய ஆரம்பித்தது. நிறுவனத்தின் எல்லா மின்விசிறிகளும் தலைதெறிக்கச் சுற்றின. திறப்பு விழா அன்று நின்றுபோன லிஃப்ட் தானாகக் கிளம்பி மேலும் கீழும் போய் வந்தது. எஞ்சினின் தள்ளு விசை வேறு. கப்பலைத் தள்ள வேண்டிய எஞ்சின், கப்பல் இல்லாததால், தன்னைப் பூட்டி வைத்திருந்த கட்டடத்தைத் தள்ளியது. கட்டடம் ஒரு சாண் நகர்ந்து வடக்குச் சுவர் பொதுச்சாலைக்குள் போய்விட்டதென்றும், இது ஆக்கிரமிப்புக் குற்றம் என்றும் நிலப் பிரிவிலிருந்து குறிப்பு வந்தது.

ஒன்பது சார் முதல் வரிசையில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "நாப்பது வருஷம்" என்றார் இயக்குநரிடம். "எல்லாம் பத்தாவது நொடியில போச்சு." அவரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது என்று மெக்கானிக் என்னிடம் சொன்னார். ஆனாலும் மெக்கானிக்கின் கண் சுவர்க் கடிகாரத்திலேயே இருந்தது. மணி ஒன்றரை.

அங்கேயே அவசரக் கூட்டம் போட்டார்கள். நடந்ததை எந்தப் படிவத்தில் எழுதுவது என்பது முதல் பிரச்சினை. வெற்றி என்று ஒரு படிவமே நிறுவனத்தில் இல்லை. விபத்துப் படிவம் இருந்தது. அதை எடுத்து, விபத்தின் பெயர்: நிற்காமை, பாதிக்கப்பட்டோர்: ஒன்பதாம் நொடித் துறை, அறுபத்து நான்கு பேர் என்று நிரப்பினார்கள். எவ்வளவு நேரம் ஓடியது என்ற இடத்தில் ஒரே ஓர் இலக்கத்துக்கான கட்டம்தான் இருந்தது. ஒன்பதைத் தாண்டி அதில் எழுத வழியில்லை.

இளம் விஞ்ஞானி ஒருவர், இது நாம் இத்தனை நாள் தேடியதுதானே, மகிழ்ச்சியாக இருக்கலாமே என்று கேட்டுவிட்டார். இயக்குநர் அவரைக் கனிவோடு பார்த்தார்.

"வெற்றின்னு சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? பலகையை எடுக்கணும். நாளைக்கே மேலிடத்துல கப்பல் எங்கன்னு கேப்பாங்க. கப்பல் துறையில, இருபது வருஷம் இருக்கேன்னு நம்பி இன்னும் நாற்காலியே வாங்கல. தேடறதுக்குத்தான் நமக்கு ஆள் குடுத்திருக்காங்க. கிடைச்சதை வச்சுக்கறதுக்கு ஒரு ஆள்கூடக் குடுக்கல."

இந்த இடத்தில்தான் மெக்கானிக் கையைத் தூக்கினார். நாடா இழுத்ததில் காவலரும் ஓரடி முன்னால் வந்தார்.

"சார், பின்னாடி பம்புல காத்து இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அதனாலதான் ஒம்பது நொடியில தண்ணி நின்னு காந்தம் சூடாயிருக்கும். இப்ப அதுல இருக்கறது எங்க வீட்டுக் குக்கர் ரப்பர். எனக்கு அது மூணு மணிக்குள்ள வேணும்."

ஒன்பது சார் மெல்ல எழுந்து வந்தார். அந்த வளையம் எந்த ஆய்வகத்தில் செய்தது என்று கேட்டார். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே பாத்திரக் கடை என்றார் மெக்கானிக். அதன் வெப்பத் தாங்குதிறன் எவ்வளவு என்று கேட்டார்.

"ஆறு விசில் வரைக்கும் தாங்கும்னு கடைக்காரர் சொன்னார் சார்."

ஒன்பது சார் தன் குறிப்பேட்டில் ஆறு விசில் என்று எழுதி, அலகு சரிபார்க்க வேண்டும் என்று பக்கத்தில் குறித்துக்கொண்டார்.

அதே நேரம் வாசலில் வேறொரு கதை. செல்போன் எடுக்கப்படாததால் மெக்கானிக்கின் மனைவி நேரிலேயே வந்துவிட்டார். வளையத்தைக் கொடுங்கள், அடுப்பில் வேலை கிடக்கிறது என்று வாயில் அதிகாரியிடம் சொன்னார். அதிகாரி பேரேட்டைத் திறந்தார். வளையம் உள்ளே போயிருந்தது, வெளியே வந்திருக்கவில்லை. உள்ளே போன் போட்டுக் கேட்டார். வளையம் எஞ்சினில் இருக்கிறது, எஞ்சினை நிறுத்த வழி தெரியவில்லை, வளையம் இன்று வருவதற்கில்லை என்று பதில் வந்தது. வாயில் அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பேரேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த அம்மாளையும் கூட்டிக்கொண்டு, விழாக் கூடத்துக்கு நடந்தார்.

அவர்கள் உள்ளே வரும்போது மணி இரண்டரை. மனைவி நேராகக் கணவனிடம் போனார். கண்ணாடிக்கு அப்பால் அந்த நீல வெளிச்சம் அலுங்காமல் எரிந்துகொண்டிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்குள்ளயா இருக்கு நம்ம ரப்பர்?"

"இதுக்குப் பின்னாடி."

"இது என்ன பண்ணும்?"

"சனி கிரகத்துக்கு எட்டு மாசத்துல போகலாமாம். நாப்பது வருஷமா ஒம்பது நொடியில அணைஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப எரியுது." மெக்கானிக் தயங்கினார். "எடுத்தா நின்னுடும்."

மூன்று மாதம் நடந்த நடை மனைவிக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். பிறகு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும் விடுங்க" என்றார். "எவ்வளவோ பேரு பாடுபட்டிருக்காங்க. நான் விடுதியில போய்ச் சொல்லிக்கறேன். அவங்க வேற ஆளைப் பாத்துக்கட்டும்." மெக்கானிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. தன் பெண்டாட்டி மேல் அவ்வளவு பெருமையாக அதற்கு முன் தான் இருந்ததில்லை என்று என்னிடம் சொன்னார்.

ஆனால் வாயில் அதிகாரி அசையவில்லை.

"அம்மா, நீங்க குடுக்கலாம். நாங்க வாங்க முடியாது. வீட்டு உபயோகம்னு எழுதி உள்ள வந்த பொருள் இது. அஞ்சு மணிக்குள்ள வெளிய போயாகணும். இந்தப் பேரேட்டுல உள்ள வந்தது எதுவும் இதுவரைக்கும் உள்ளயே தங்கினதில்ல."

அந்த அம்மாள், நான் சும்மாதானே கொடுக்கிறேன் என்றார். சும்மா கொடுப்பதை வாங்க ஒரு குழு வேண்டும், அந்தக் குழு வருடத்துக்கு ஒருமுறை கூடும், இந்த வருடம் நேற்றுக் கூடிவிட்டது என்றார் அதிகாரி. எல்லோரும் இயக்குநரைப் பார்த்தார்கள். இயக்குநரின் முகத்தில் அன்று காலையிலிருந்து இல்லாத ஓர் அமைதி வந்திருந்தது.

"எஞ்சினை எப்ப வேணும்னாலும் செஞ்சுக்கலாம்" என்றார். "இருபது வருஷம் இருக்கு. பேரேட்டுல ஒரு தப்பு வந்துட்டா அது காலத்துக்கும் நிக்கும். விதி ஒண்ணாலதான் இந்த நிறுவனம் இவ்வளவு நாள் நிக்குது. வளையத்தை எடுத்துக் குடுத்துடுங்க."

இளம் விஞ்ஞானி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவருக்குச் சிற்றுண்டித் தட்டு நீட்டப்பட்டது.

மெக்கானிக் பம்பு அறைக்குப் போனார். எஞ்சின் அதுவரை இரண்டு மணி பத்து நிமிடம் ஓடியிருந்தது. மூடியின் திருகுகளைத் தளர்த்தி வளையத்தை வெளியே எடுத்து, பழைய பிஸ்கட் துண்டுகளையே திரும்ப அடுக்கி மூடினார். மூடியதிலிருந்து சரியாக ஒன்பதாம் நொடியில் எஞ்சின் அணைந்தது. முந்நூறு பேரும் எழுந்து நின்று தட்டிய தட்டலில் கூரை அதிர்ந்தது. ஒன்பது சார் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடினாலும் கடைசியில் ஒன்பதாம் நொடியில்தான் நிற்கிறது என்று நிரூபணமாகிவிட்டதாம். நானூற்றுப் பதிமூன்றாவது கட்டுரைக்கு அங்கேயே தலைப்பு வைத்தார். படிவத்தின் ஒற்றைக் கட்டத்திலும் அழகாக ஒன்பது என்று எழுதினார்கள். நகர்ந்த கட்டடம் மட்டும் நகர்ந்தபடியே இருந்துவிட்டது. அதற்காகச் சாலையை ஒரு சாண் தள்ளிப் போடச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது.

வாசலில் ஒரு தகராறு மிச்சம் இருந்தது. உள்ளே போன பாதி சோப்பு, கால் சோப்பாக வெளியே வந்தது. வாயில் அதிகாரி அரை நிமிடம் கண்ணை மூடி யோசித்தார். நுரை காற்றில் கலந்து மதிலுக்கு மேலாக வெளியேறியதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். விதியை அவர் வளைத்தது தன் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். அந்த அம்மாளைப் பார்த்த பிறகு அவருக்கும் மனசு கேட்கவில்லை போலிருக்கிறது.

மூன்று மணிக்குக் குக்கர் அடுப்பேறியது. ஏழுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது சாப்பாடு விடுதியில் இறங்கியது. விடுதித் தலைவி இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ஒப்பந்தம் கையெழுத்தானது.

இரண்டு மாதம் கழித்து மெக்கானிக் வீட்டுக்கு நிறுவனத்திலிருந்து முத்திரை குத்திய தடித்த உறை ஒன்று வந்தது. பம்புக்கு ரப்பர் வளையம் வாங்க முடிவு செய்திருக்கிறார்களாம். ஒப்பந்தப் புள்ளி கோரியிருந்தார்கள். பாத்திரக் கடையில் புதுச் சரக்கு வந்து குவிந்து கிடந்தது. ஆனால் நிபந்தனைகள் கறாரானவை. வளையத்துக்கு, ஓடும் இணைவு எஞ்சினில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாத முன் அனுபவம் இருக்க வேண்டும். வளையத்தை நேரில் கொண்டுவந்து காட்ட வேண்டும். கொண்டுவந்த வளையம் அன்றே ஐந்து மணிக்குள் வெளியே போய்விட வேண்டும். கொள்முதல் நடவடிக்கைகள் முடிய ஆகும் காலம், இருபது ஆண்டுகள்.

மெக்கானிக் அதை அடுக்களைக்குக் கொண்டுபோய் உரக்கப் படித்தார். முன் அனுபவம் உள்ள வளையம் உலகத்திலேயே ஒன்றுதான். அது அந்த நேரம் அடுப்பின் மேல், குக்கர் மூடிக்குள், அறுபது பேர் சாப்பாட்டோடு வெந்துகொண்டிருந்தது.

"நம்ம ரப்பரைத்தான் கேக்கறாங்க" என்றார்.

மனைவி கரண்டியைக் கழுவிக்கொண்டே, "எப்ப வேணுமாம்?" என்று கேட்டார்.

"இருபது வருஷத்துக்குள்ள."

அந்த அம்மாள் திரும்பிக் குக்கரைப் பார்த்தார்.

"இன்னும் ரெண்டு விசில் பாக்கி இருக்கு. வந்ததும் கழட்டித் தரேன்னு எழுதிப் போடுங்க."